விழுந்தவருக்காக நிற்பதா, போவதா? சைக்கிள் ரேஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஞாயிறு விடிய நிலாவெளி வீதியால் சைக்கிள் ஓடுகிற ஐந்தாறு பேரில் நானும் ஒருவன். ஜூலை வந்தால் இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பார்க்க உட்காருபவர்களும் நாங்களேதான். வீட்டில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டுப் பெடியன்கள், சைக்கிள் கடை ஐயா என்று எல்லோரும் வருடா வருடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பெலோட்டன் என்று அவர்கள் சொல்வதை இங்கே 'கூட்டம்' என்றும், அட்டாக் என்பதைப் 'பாய்ச்சல்' என்றும் எழுதுகிறேன்.

ஒருவர்தான் வெல்லப் போகிறார் என்றால் ஏன் நூற்றைம்பது பேர் ஒட்டிக்கொண்டு போகிறார்கள்?

காற்று. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மட்டமான வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் போகும்போது காலில் உள்ள பலத்தின் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே செலவாகும். முன்னால் ஒருவர் போனால் அந்தச் செலவை அவர் கட்டுகிறார், பின்னால் போகிற நமக்குச் சலுகை. பேர்ட் பிளொக்கன் என்ற பேராசிரியரின் குழு 121 பேர் கொண்ட ஒரு கூட்டத்தை வைத்து 2018இல் செய்த ஆய்வில், கூட்டத்தின் நடுவே சற்றுப் பின்பக்கமாக இருப்பவருக்கு, தனியாக ஓடுபவர் வாங்கும் காற்றெதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே கிடைக்கிறது என்று வந்தது. முன்னால் போகிறவர் மூச்சிரைக்க மிதிக்க, நடுவில் இருப்பவர் பக்கத்து ஆளோடு கதைத்துக்கொண்டு வருவது இதனால்தான்.

இதை நம்பாதவர்கள் கச்சான் காலத்தில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு நிலாவெளியிலிருந்து டவுனுக்குத் தனியாகச் சைக்கிளில் வந்து பார்க்கலாம். (தின்கிற கச்சான் இல்லை. மே மாதத்திலிருந்து முகத்தில் அடுப்பைத் திறந்து விட்டது போல வீசுமே, அந்தக் கச்சான்.)

இதிலிருந்து வரும் விளைவு ஒன்று முக்கியமானது. இந்த விளையாட்டில் எதிரியின் முதுகுதான் உங்களுக்கு நிழல். அவரைத் தோற்கடிக்கவும் வேண்டும், அவர் இல்லாமல் போகவும் முடியாது. கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்தச் சிக்கலிலிருந்துதான் பிறக்கின்றன.

பாய்ச்சல் என்றால் சும்மா வேகமாக மிதிப்பதுதானே?

இல்லை. வேகமாக மிதித்தால் பின்னால் இருப்பவர் உங்கள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இலவசமாக வருவார். பாய்ச்சலின் நோக்கம் ஒரு இடைவெளியை உண்டாக்குவது. ஐந்து மீற்றர் இடைவெளி விழுந்துவிட்டால் பின்னால் இருப்பவரும் காற்றில் தனியாள்.

அதனால் நல்ல ஓட்டக்காரர் முன்னாலிருந்து பாயமாட்டார். நாலாவது, ஐந்தாவது ஆளாகப் பின்னால் இருந்து, மறைவிலேயே வேகமெடுத்து, வீதியின் மற்றக் கரையால் முந்துவார். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்கும்போது இவர் ஏற்கனவே பத்து மீற்றர் தள்ளி இருப்பார். நேரமும் முக்கியம். இன்னொருவர் பாய்ந்து பிடிபட்ட அடுத்த நொடி, எல்லோரும் 'அப்பாடா' என்று மூச்சு விடும் நேரம், அதுதான் அருமையான நேரம். மலை உச்சி தாண்டிய முதல் நூறு மீற்றரும் அப்படித்தான்: ஏறி முடித்த நிம்மதியில் ஆக்கள் தண்ணீர்ப் போத்தலைத் தேடும்போது ஒருவர் போய்விடுவார்.

பாய்ந்து போனவர்கள் பிடிபடுவார்களா என்று கணக்குப் பார்க்க ஒரு பழைய வாய்பாடு உண்டு. ரொபேர் ஷபாத் என்ற பிரெஞ்சு நேர்முக வர்ணனையாளரின் பெயரால் அதைச் சொல்வார்கள்: தனியாகப் போகிறவர் கடைசி 10 கிலோமீற்றரில் 1 நிமிடம் முன்னிலை வைத்திருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் கூட்டம் விழுங்கிவிடும். எப்போதும் பலிக்காது. பலிக்காத நாட்கள்தான் பார்க்க நல்ல நாட்கள்.

பக்கக்காற்று அடித்தால் வர்ணனையாளர்கள் ஏன் கத்தத் தொடங்குகிறார்கள்?

காற்று முன்னாலிருந்து வந்தால் மறைவு நேர் பின்னால். இடப்பக்கத்திலிருந்து வந்தால் மறைவு வலப்பக்கம் சற்றுப் பின்னால். அப்போது வரிசை நேராக இல்லாமல் வீதிக்குக் குறுக்கே சாய்வாக நிற்கும். சாய்வரிசையில் வீதியின் அகலத்துக்குத்தான் ஆள் பிடிக்கும், பத்துப் பன்னிரண்டு பேர். மிச்சப் பேர் வீதிக் கரையில் ஒருவர் பின் ஒருவராக, மறைவே இல்லாமல் தொங்குவார்கள். பலமான அணி ஒன்று அந்த நேரம் வேகத்தைக் கூட்டினால் கூட்டம் துண்டு துண்டாக அறுந்துபோகும். மலையே இல்லாத நாளில் ஒருவர் பத்து நிமிடம் இழப்பது இப்படித்தான்.

இரக்கக்கண்டிப் பக்கம் போகும்போது கச்சான் எங்களுக்கு இடப்பக்கமாக அடிக்கும். மறைவு வேண்டுமென்றால் வீதியின் நடுப்பக்கம் போக வேண்டும். அங்கே புல்மோட்டை பஸ் வரும். ஆகவே எங்கள் சாய்வரிசை இரண்டு பேருக்கு மேல் நீண்டதில்லை. அவர்களுக்கு வீதியை மூடிக் கொடுக்கிறார்கள், கொடுத்து வைத்தவர்கள்.

ஒருவர் விழுந்தால், செயின் கழன்றால், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

கிடையாது. விதிப்புத்தகத்தில் அதற்குக் கிட்ட வருவது ஒன்றுதான்: மட்டமான நாளில் கடைசி 3 கிலோமீற்றருக்குள் ஒருவர் விழுந்தாலோ சைக்கிள் பழுதானாலோ, அவர் எந்தக் குழுவோடு வந்தாரோ அந்தக் குழுவின் நேரத்தையே கொடுப்பார்கள். அண்மைக் காலத்தில் சில நாட்களுக்கு அந்தத் தூரத்தைக் கூட்டியும் விடுகிறார்கள். மலையில் முடியும் நாட்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

மிச்சமெல்லாம் வழக்கம். எல்லா நாள் நேரத்தையும் கூட்டினால் முன்னணியில் இருப்பவருக்குக் கொடுக்கும் மஞ்சள் ஜெர்சியைப் போட்டிருப்பவர் தன் பிழை இல்லாமல் விழுந்தால் அவரை முந்தித் தாக்காதே. சாப்பாட்டுப் பை கொடுக்கும் இடத்தில் பாயாதே. எல்லோரும் ஒன்றுக்கு நிற்கும் நேரம் பார்த்து ஓடாதே. ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மீறினால் தண்டம் இல்லை. ஆனால் மீறியவரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

தண்டமே இல்லை என்றால் ஏன் காத்திருக்கிறார்கள்? அவ்வளவு நல்லவர்களா?

இதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் ஞாயிறு ஓட்டத்துக்கு ஒரு பந்தயம் உண்டு. இரக்கக்கண்டிப் பாலத்துக்குக் கடைசியாக வந்து சேருபவர் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் பாலத்துக்கு ஒரு கிலோமீற்றர் இருக்கும்போது எங்களில் மூத்தவரான அண்ணை பாய்ந்தார். பாய்ந்த அதே நேரம் கியரையும் மாற்றினார். 'கடக்' என்று ஒரு சத்தம், கால் இரண்டும் வெறுமையாகச் சுற்றுகின்றன, செயின் உள்பக்கமாக விழுந்து சைக்கிள் சட்டத்துக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இறுகிவிட்டது. நான் அவருக்கு நேர் பின்னால். நிற்கவில்லை. எழும்பி நின்று மிதித்தேன். பாலத்தில் முதல் ஆள் நான்தான்.

ஆறேழு நிமிடம் கழித்து அண்ணை வந்தார். விரல் பத்தும் கறுப்பு, நெற்றி வியர்வையைத் துடைத்த இடத்தில் ஒரு கிரீஸ் கோடு. கோபம் எதுவும் காட்டவில்லை. தேத்தண்ணிக் கடையில் காசை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "சரி தம்பி, நீ வெண்டிட்டாய். காசு நான் குடுக்கிறன். ஆனா திரும்பிப் போகேக்க எனக்குப் பின்னால வராத."

அன்றைக்குக் கச்சான் முகத்துக்கு அடித்தது. மற்ற நாலு பேரும் அவர் பின்னால் வரிசையாகப் போக, நான் நாற்பது மீற்றர் தள்ளித் தனியாக டவுன் வரை வந்தேன். சாம்பல்தீவுப் பக்கம் வரும்போது தொடை இரண்டும் பிடித்துக்கொண்டது. ஒரு பிளேன்டீக்கு அது சரியான விலை.

டூர் டி பிரான்ஸ் 21 நாள் ஓட்டம். இன்று செயின் கழன்றவர் நாளைக்குக் காற்றில் உங்களுக்கு முன்னால் போகக்கூடிய ஆள். நாளை மறுநாள் நீங்கள் விழும்போது கூட்டத்தின் தலைமாட்டில் இருப்பவரும் அவராக இருக்கலாம். மொய் எழுதுவது போலத்தான். இன்று வைத்தது பிறகு திரும்பி வரும், வைக்காததும் திரும்பி வரும். ஒரே நாளில் முடிகிற பாரி-ரூபே மாதிரியான போட்டிகளில் விழுந்தவருக்காக ஒருவரும் நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நாளை என்று ஒன்று இல்லாவிட்டால் மரியாதையும் குறைந்துவிடுகிறது.

உண்மையாகவே காத்திருந்த சம்பவங்கள் எவை?

2001இல் பைரெனீஸ் மலையில் யான் உல்ரிஷ் இறக்கத்தில் வீதியை விட்டு விலகி விழுந்தார். லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். 2003இல் லூஸ் ஆர்டிடென் ஏற்றத்தில் ஒரு பார்வையாளரின் பையில் ஹாண்டில் மாட்டி ஆம்ஸ்ட்ரோங் விழுந்தார். அன்று இருவருக்கும் இடையே 15 செக்கன்தான். உல்ரிஷ் வேகம் குறைத்தார், டைலர் ஹமில்டன் கையைக் காட்டி மற்றவர்களையும் தடுத்தார். எழும்பி வந்த ஆம்ஸ்ட்ரோங் பாய்ந்து அந்த நாளையே வென்றார். பிறகு ஊக்கமருந்து விடயத்தில் அவருடைய பட்டங்கள் எல்லாம் பறிபோனது வேறு கதை. ஆனால் அன்று உல்ரிஷ் செய்ததை அதற்காக அழிக்க முடியாது.

2012இல் பெகேர் மலை உச்சியில் யாரோ வீதியில் ஆணிகளைக் கொட்டிவிட்டார்கள். முப்பது பேரளவில் ரயர் காற்றுப் போயிற்று. முந்திய வருட வெற்றியாளர் கடெல் எவன்ஸ் சக்கரம் மாற்ற ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் ஜெர்சியில் இருந்த பிராட்லி விக்கின்ஸ் கூட்டத்தையே மெதுவாக்கினார். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் சுத்தமான காத்திருப்பு. வெளியாள் செய்த நாசவேலைக்கு வீரர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

2022இல் ஸ்பாண்டெல் மலை இறக்கத்தில் ததேய் பொகாச்சர் சரளைக் கல்லில் வழுக்கி விழுந்தார். மஞ்சள் ஜெர்சியில் இருந்த யோனாஸ் விங்கேகோர் காத்திருந்தார். பொகாச்சர் கிட்ட வந்ததும் கையை நீட்டினார், இருவரும் ஓடிக்கொண்டே கைகொடுத்தார்கள். அடுத்த மலையான ஓட்டாகமில் விங்கேகோர் அவரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தினார். அந்த நாளை எத்தனை தரம் திரும்பிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. 2025இல் துலூஸ் நகரில் முடிவுக்குக் கிட்ட வந்து பொகாச்சர் மறுபடி விழுந்தபோதும் விங்கேகோரும் மற்றவர்களும் வேகத்தைக் குறைத்தார்கள். மொய்க் கணக்கு என்று சொன்னேன் அல்லவா?

2010இல் கொன்டாடோர் செய்தது பிழையா?

இந்தக் கேள்விக்கு எங்கள் குழுவிலேயே இன்னும் ஒரு முடிவு இல்லை. நடந்ததை முதலில் சொல்கிறேன்.

2010 ஜூலை 19, போர் டி பாலே மலை. மஞ்சள் ஜெர்சியில் ஆண்டி ஷ்லெக், அவருக்கு 31 செக்கன் பின்னால் அல்பேர்ட்டோ கொன்டாடோர். உச்சிக்குச் சற்று முன்னால் ஷ்லெக் பாய்ந்தார். பாய்ந்த இடத்திலேயே செயின் கழன்றது. இறங்கி நின்று கையால் போட வேண்டியதாயிற்று. கொன்டாடோர் அவரைத் தாண்டிப் போனார், கூடவே டெனிஸ் மென்ஷோவும் சாமுவேல் சான்செஸும். இறக்கம் முழுவதும் மூவரும் சேர்ந்து மிதித்தார்கள். கீழே லூஷோன் ஊரில் ஷ்லெக் 39 செக்கன் பின்னால். மஞ்சள் ஜெர்சி 8 செக்கனில் கை மாறியது. மேடையில் கொன்டாடோர் அதைப் போட்டபோது பார்வையாளர்களிடமிருந்து 'ஊ' சத்தம் வந்தது. அன்றிரவே மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டார். பாரிஸில் கடைசி வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சரியாக 39 செக்கன்.

(பிறகு கொன்டாடோரின் பரிசோதனையில் கிளென்பியூட்டரோல் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து அகப்பட்டு, 2012 பெப்ரவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் பட்டத்தைப் பறித்து ஷ்லெக்குக்குக் கொடுத்தது. ஆனால் செயின் கேள்விக்கு அது பதில் இல்லை.)

நான் முதலில் கொன்டாடோர் கட்சிக்கு எதிராக இருந்தேன். இப்போது இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். முதல் பத்துச் செக்கனில் பிழை இல்லை. பாய்ந்தது ஷ்லெக். சண்டையை ஒருவர் தொடங்கிய பிறகு அவருடைய வாள் உடைந்தால் எதிராளி நிற்க வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை. அழுத்தி மிதிக்கும்போது கியர் மாற்றினால் செயின் கழலக்கூடும் என்பது ஓடுகிற எல்லோருக்கும் தெரியும், அண்ணையைக் கேட்டாலும் சொல்வார். தாக்கும்போது ஷ்லெக்கின் கோளாறு தெரியாது என்று கொன்டாடோர் சொன்னதையும் நம்பலாம். ஆனால் அந்த நீண்ட இறக்கத்தில் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அங்கே அவர் தெரிந்தே ஒரு முடிவு எடுத்தார். மற்ற இருவரும் மூன்றாம் இடத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தவர்கள், அவர் நின்றிருந்தாலும் அவர்கள் போயிருப்பார்கள் என்பது ஒரு சமாதானம். முழுச் சமாதானம் இல்லை.

இன்னொரு விடயத்தையும் மறக்கக் கூடாது. அதற்குச் சரியாக இரண்டு கிழமைக்கு முன், பெல்ஜியத்தின் ஸ்பா நகருக்குப் போகும் நாளில், மழையில் வழுக்கும் இறக்கத்தில் பலர் விழுந்தார்கள், ஷ்லெக் சகோதரர் இருவரும் உட்பட. அவர்களின் அணித்தோழரும் அன்றைய மஞ்சள் ஜெர்சிக்காரருமான பேபியன் கன்சலாரா கூட்டத்தை நிறுத்திவைத்தார். அதனால் முன்னால் தனியாகப் போன சில்வான் ஷவனெலிடம் ஜெர்சியையே இழந்தார். எவ்வளவு பெருந்தன்மை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அடுத்த நாள் கல் பதித்த வீதியில் பிராங்க் ஷ்லெக் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிய, கூட்டம் அறுந்தது. அப்போது அதே கன்சலாரா நிற்கவில்லை. ஆண்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு வெறி பிடித்தவர் போல மிதித்தார், கொன்டாடோர் ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்தார். காத்திருப்பு யாருக்கு லாபம் என்று பார்த்துவிட்டுத்தான் பெருந்தன்மை பற்றிக் கதைக்க வேண்டும்.

காத்திருக்காமல் போன நாட்களில் யாரும் கேட்பதில்லையா?

ஆளைப் பொறுத்து. 1999இல் கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் 'பாசாஜ் டு குவா' என்ற பாதையில், எங்கள் பாசி பிடித்த கடற்பாறை போல வழுக்கும் இடத்தில், பலர் விழுந்தார்கள். அலெக்ஸ் ட்சூலே 6 நிமிடத்துக்கு மேல் இழந்தார். ஒருவரும் நிற்கவில்லை. கடைசியில் அவர் இரண்டாம் இடம், தோற்றது ஏறக்குறைய ஏழரை நிமிடத்தில். மிச்சம் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள்.

2013இல் மட்டமான, காற்று அடித்த ஒரு நாளில், மொத்தத்தில் இரண்டாவதாக இருந்த அலெஹான்ட்ரோ வல்வெர்டேயின் சக்கரம் பழுதானது. முன்னால் இருந்த அணிகள் வேகத்தைக் கூட்டின. வல்வெர்டே கிட்டத்தட்ட 10 நிமிடம் இழந்தார். பிறகு அதே நாளில் கொன்டாடோரின் அணி காற்றில் கூட்டத்தை மறுபடி அறுத்து மஞ்சள் ஜெர்சிக்காரர் கிறிஸ் ஃபுரூமிடமிருந்து 1 நிமிடம் 9 செக்கன் எடுத்தது. அது கோளாறு பார்த்து அடித்ததில்லை, வெறும் சாமர்த்தியம். எனக்கு மிகவும் பிடித்த பாய்ச்சல்களில் ஒன்று.

என் மனக்குறை எங்கே என்றால், இந்த மரியாதை எல்லாம் மேல்வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்பதில்தான். ஒரு அணியில் எட்டுப் பேர். ஒருவர் தலைவர். மிச்சப் பேர் பின்னால் வரும் அணிக் காரிடம் போய் எட்டுப் பத்துத் தண்ணீர்ப் போத்தல்களை ஜெர்சிக்குள் திணித்துக்கொண்டு வந்து பங்கிடுபவர்கள், காற்றில் முன்னால் நிற்பவர்கள், தலைவரின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பவர்கள். அப்படி ஒருவர் விழுந்து முழங்கை உரிந்து எழும்பும்போது கூட்டம் நின்றதாக நான் பார்த்ததே இல்லை. அவர் கார்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்து தானாகத்தான் வந்து சேர வேண்டும். வந்ததும் மறுபடி தண்ணீர் எடுக்கப் போவார்.

தலைவர் இயற்கை உபாதைக்கு நின்றால்?

சிரிக்காதீர்கள், இது பெரிய வழக்கு. 2017 ஜீரோ டி இத்தாலியாவில் (இத்தாலி சுற்று, அங்கே முன்னணியில் இருப்பவருக்குப் பிங்க் ஜெர்சி) பிங்க் ஜெர்சியில் இருந்த டொம் டூமுலினுக்கு, பொர்மியோவுக்குப் போகும் நாளில், கடைசி மலை அடிவாரத்தில் வயிறு குழம்பிவிட்டது. சைக்கிளை எறிந்துவிட்டு வீதிக் கரையில் குந்தினார், கமரா பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் போனவர்கள் முழுதாகக் காத்திருக்கவில்லை. 2 நிமிடத்துக்கு மேல் இழந்தார், 31 செக்கன் மட்டும் மிஞ்சியது. கடைசியில் அவர் நைரோ கின்டானாவை 31 செக்கனில் வென்று பட்டத்தை எடுத்ததால் கதை நல்லபடியாக முடிந்தது. நான் கின்டானா பக்கம். அப்போது ஒரு பிரிந்தோடிய குழு முன்னால் போய்க்கொண்டிருந்தது, மலை தொடங்கப் போகிறது, போட்டி சூடாகிவிட்டது. வயிறும் உடம்பின் ஒரு பாகம்தான். காலுக்குப் பிடிப்பு வந்தால் யாரும் காத்திருக்கிறார்களா?

முழு நேரமும் மற்றவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து கடைசியில் முந்துவது களவு இல்லையா?

எங்கள் வீட்டில் அதிகம் கோபம் வருவது இதற்குத்தான். அம்மாவுக்கு அப்படி வெல்பவரைக் கண்ணிலும் காட்டக் கூடாது. ஆனால் நியாயம் பார்க்க வேண்டும். இரண்டு பேர் முன்னால் போகிறார்கள், அதில் ஒருவருடைய தலைவர் பின்னால் கூட்டத்தில் இருக்கிறார் என்றால், இவர் முன்னால் மிதித்துத் தன் தலைவரையே தோற்கடிக்க வேண்டுமா? அவர் சும்மா வருவது கடமை. அது எல்லோருக்கும் விளங்கும், முன்னால் மிதிப்பவருக்கும்தான். வாய் திறந்து திட்டிக்கொண்டே மிதிப்பார், அவ்வளவுதான்.

காரணமே இல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்து, "எனக்குக் கால் இல்லை, முடியவில்லை" என்று முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டு, கடைசி 200 மீற்றரில் புலி மாதிரிப் பாய்கிறவர் வேறு வகை. அது சட்டத்துக்கு உட்பட்டது. அடுத்த தரம் அவரோடு சேர்ந்து ஓட ஒருவரும் வரமாட்டார்கள், அதுவும் சட்டத்துக்கு உட்பட்டது.

சின்ன ஆளுக்கு வெற்றியை விட்டுக்கொடுப்பதில்லையா?

சிலர் கொடுப்பார்கள், சிலர் மாட்டார்கள். 2021 பாரி-நீஸ் போட்டியில் பிரிமோஷ் ரொக்லிச் தலைவர் ஜெர்சியில் இருந்தார், ஏற்கனவே இரண்டு நாட்களை வென்றிருந்தார். ஏழாவது நாள் மலையில் ஜினோ மேடர் என்ற இளைஞர் நெடுநேரம் முன்னால் ஓடி, கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறார். ரொக்லிச் பின்னாலிருந்து பாய்ந்து வந்து கடைசிச் சில பத்து மீற்றரில் அவரைத் தாண்டினார். அடுத்த நாள் ரொக்லிச் இரண்டு தரம் விழுந்தார். தோள் விலகியது, ஜெர்சி கிழிந்தது. ஒருவரும் காத்திருக்கவில்லை. பட்டம் போயிற்று.

'பார்த்தாயா, வினை' என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைய மற்ற அணிகள் தங்கள் போட்டியை ஓடின, முந்தின நாள் மேடருக்காகப் பழி வாங்கினார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. முந்தின நாள் ரொக்லிச் ஓடியதிலும் பிழை காண முடியாது. முதலாம் இடத்துக்கு 10 செக்கன் போனஸ் இருக்கிறது, கோடு வரை ஓடுவதுதான் ஓட்டம். ஆனாலும் மேடர் 2023இல் சுவிஸ் சுற்றுப்போட்டியில் பள்ளத்தாக்கில் விழுந்து இறந்த பிறகு அந்தக் கடைசி மீற்றர்களை என்னால் முன்போலப் பார்க்க முடியவில்லை.

ஒரே அணிக்குள் ஒருவரை ஒருவர் தாக்குவார்களா?

தாக்குவார்கள், அதுதான் மிகப் பெரிய சண்டையாகும். 1987 ஜீரோவில் பிங்க் ஜெர்சியில் இருந்த ரொபர்ட்டோ விசென்டினியைச் சொந்த அணித்தோழர் ஸ்டீபன் ரோச் சப்பாடா நாளில் தாக்கி ஜெர்சியை எடுத்தார். இத்தாலிய ரசிகர்கள் அவரை விட்டுவைக்கவில்லை. 2023 வுவெல்டாவில் (ஸ்பெயின் சுற்று) செப் குஸ், அங்கே முன்னணியில் இருப்பவர் போடும் சிவப்பு ஜெர்சியில். வருடக்கணக்கில் மற்றவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர், முதல் தரம் தலைவர். அங்லிரு மலையில் அவர் உதவி செய்து வெல்லவைத்த அதே ரொக்லிச்சும் விங்கேகோரும் அவரைப் பின்னால் விட்டுப் போனார்கள். ஜெர்சி 8 செக்கனில் தப்பியது. அதற்குப் பிறகு அணி அவரைக் காப்பாற்றியது, பட்டமும் அவருக்கே. ஆனால் அந்த மலையில் இருவரும் திரும்பிப் பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? கொன்டாடோரை மன்னித்தாலும் இதை எனக்கு மன்னிக்க முடியவில்லை. எதிரி நிற்காததில் ஒரு நேர்மை இருக்கிறது.

சரி, உண்மையில் எதைச் செய்தால் வெளியே அனுப்புவார்கள்?

கார் பிடித்துக்கொண்டு போனால். போத்தல் வாங்குகிற சாட்டில் காரில் இருப்பவரின் கையை விடாமல் இழுபட்டுப் போவதை நடுவர்கள் கொஞ்சம் கண்டும் காணாமல் விடுவார்கள், அளவு மீறினால் தண்டம். மூடிய ரயில் கடவையைத் தாண்டினால்: 2006 பாரி-ரூபேயில் இரண்டாம், மூன்றாம், நாலாம் இடம் வந்த மூவரும் அதற்காக நீக்கப்பட்டார்கள். ஸ்பிரிண்டில் நேர்கோட்டை விட்டு விலகி மற்றவரை வேலியில் தள்ளினால்: 2020 போலந்து சுற்றில் பேபியோ யாகப்சன் உயிராபத்தான நிலைக்குப் போன விபத்துக்காக டிலன் குரூனவேகனுக்கு 9 மாதத் தடை. இறக்கத்தில் சைக்கிள் சட்டக் குழாயின் மேல் உட்கார்ந்து சுருண்டு போவதையும் 2021இலிருந்து தடுத்துவிட்டார்கள். கோட்டை வாசல் இறக்கத்தில் அதைச் செய்து காட்டுகிற பெடியன்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். அங்கே மான் குறுக்கே வரும்.

இங்கே எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

ஜூலையில் பிரான்ஸ் எங்களை விட மூன்றரை மணித்தியாலம் பின்னால். பெரும்பாலான நாட்கள் இரவு எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் முடியும். மலை நாட்களில் ஏழு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டு மெதுவோட்டத்தில் இந்த நியாயம் எல்லாம் உண்டா?

கடைசியாக வருபவர் வெல்லுகிற போட்டியில் யாருக்காக யார் காத்திருப்பது? அங்கே காத்திருப்பதே பாய்ச்சல். ஆனால் அதில் வெல்லுகிற பெடியன்களின் நிதானம் பெரிய ஓட்டக்காரர்களுக்கும் தேவைப்படும். மைதானப் பாதையில் நடக்கும் ஸ்பிரிண்ட் போட்டியில் இருவரும் காலை ஊன்றாமல் அசையாது நின்று, மற்றவர் முன்னால் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்னால் போகிறவர் காற்றை வெட்ட வேண்டுமே.

அண்ணை இப்போது புதுச் செயின் போட்டிருக்கிறார். நான் மூன்று ஞாயிறு பிளேன்டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவருடைய பின்சக்கரம் எனக்கு மறுபடி கிடைத்தது.